மெர்லயனும் ராஜபாளையம் நாயும்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டுவந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பொட்டலங்களால் ஒரு தொல்லையும் இல்லை.

என்னோடு கல்லூரியில் படித்த அந்த இருவரையும் உங்களுக்குத் தெரியும். ஒருவன் நம்மூர் ராஜபாளையத்தில் பஞ்சாலை சூப்பர்வைசர். இன்னொருவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் எந்த ஊர் பெரிசு என்ற சண்டையைக் கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பா ஊர் ராஜபாளையம், அம்மா ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது.

காலையில் எம்ஆர்டி ரயிலில் கிளம்பினோம். இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அறிவிப்புப் பலகையில் தமிழைப் பார்த்ததும் கடைக்காரனுக்குச் சொந்த வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்ட தைரியம். பையிலிருந்து பால்கோவா டப்பாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டான். எதிரே இருந்த பலகையைக் காட்டினேன்: ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி அபராதம். இங்கே வந்து இறங்கியதிலிருந்து அவன் எந்த விலையைப் பார்த்தாலும் ரூபாயாக்க அறுபத்தைந்தால் பெருக்குகிறான். உதடு அசைந்தது. "முப்பத்திரெண்டாயிரத்து ஐநூறா! ஒரு வாய் பால்கோவாவுக்கா!" டப்பா மூடிக்கொண்டது. அதே பலகையில் டுரியான் பழத்தைக் குறுக்கே அடித்திருந்தார்கள், ஆனால் தொகை எதுவும் போடவில்லை. "அப்ப அந்தப் பழத்தை வாங்கிட்டு வந்தா லாபமா இருக்குமே" என்றான். வியாபாரி வியாபாரிதான்.

மெர்லயன் சிலைக்குப் போனோம். சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயில் தண்ணீர். 8.6 மீட்டர் உயரம். 1972-ல் லீ குவான் யூ திறந்துவைத்தது. உலகமே அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறது. மில்காரன் மட்டும் இடுப்பில் கைவைத்தபடி, "இல்லாத மிருகத்துக்கு இவ்வளவு மரியாதை. இருக்கிற மிருகம் எங்க ஊர்ல இருக்கு. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல இந்தியத் தபால்துறை தபால்தலையே போட்டுச்சு" என்றான். கடைக்காரன் விடவில்லை. "எங்க ஊர்ல அணிலுக்கே சரணாலயம் வச்சிருக்கோம், 1988-லேர்ந்து. நாய்க்குச் சரணாலயம் உண்டா?" பக்கத்தில் நின்ற ஜப்பானியக் குடும்பம், சண்டை முற்றுகிறது என்று நினைத்து மெல்ல நகர்ந்துகொண்டது.

எதிர்க்கரையில் மெரினா பே சாண்ட்ஸ். உயரமான கட்டடங்கள் மூன்று, அவற்றின் உச்சியில் கப்பல் மாதிரி ஒரு தளம். கடைக்காரன் அண்ணாந்து பார்த்து, "ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி, 11 நிலை. கிரேன் இல்லாம கட்டினது. தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிறதும் அதுதான்" என்றான். "மதுரைக்காரன் காதுல விழுந்துறாம பாத்துக்கோ" என்றான் மற்றவன். பழைய நீதிமன்றமும் நகர மண்டபமும் இப்போது தேசியக் கலைக்கூடம் என்று காட்டினேன். மில்காரன் உடனே, "எங்க ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சரா இருந்தவரு. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டாரு. இவங்க சர்க்கார் கட்டடத்தைத்தானே கொடுத்திருக்காங்க" என்றான். நடுவர் என்ற முறையில் அந்தப் புள்ளியை நம்மூருக்கே கொடுத்தேன்.

அதற்குள் மில்காரனின் புது ஷூ காலைக் கடித்துவிட்டது. மருந்துக்கடையில் பேண்டேஜ் துணி வாங்கிக் கொடுத்தேன். காயத்தில் கட்டுவதை விட்டுவிட்டு, துணியை வெளிச்சத்தில் விரித்து, இரண்டு விரலால் தேய்த்து, இழையை எண்ண ஆரம்பித்தான். "நம்ம ஊர்ப் பக்கத்துச் சத்திரப்பட்டித் துணிதான் மாப்ள, சந்தேகமே இல்ல" என்றான். உறையில் எந்த நாடு என்று தேடிப் பார்க்க நான் துணியவில்லை. ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷமாக நொண்டி நான் பார்த்ததில்லை.

நொண்டிக்கொண்டே சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு வந்தான். 1827-ல் நாராயண பிள்ளை நிறுவியது. அவர் செங்கல் சூளை வைத்தார், துணி வியாபாரமும் செய்தார் என்று சொன்னதும், "ஜவுளிக்காரன் கட்டின கோயில்" என்று ஒரு புள்ளி கேட்டான். சாயங்காலம் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில். அங்கே ஆண்டாள் சந்நிதியைப் பார்த்ததும் கடைக்காரன் ஆளே மாறிவிட்டான். வில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்கிளியை மரவள்ளி இலையில் தினமும் புதிதாகச் செய்வார்கள், அலகுக்கு மாதுளம்பூ என்று பக்கத்தில் நின்ற ஒரு பாட்டிக்கு விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். பாட்டி இங்கேயே பிறந்தவராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். மில்காரன் அந்த நேரம் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "சரி, இந்த ரவுண்டு உனக்கு" என்றான்.

தேக்கா சந்தையில் தே தாரேக் என்ற தேநீர் குடித்தோம். இரண்டு ஊரும் ஒற்றுமையாக "சீனி ஜாஸ்தி" என்றன.

சித்தப்பா, எனக்குத் தெரிந்த சிங்கப்பூர் வீடு, ஆபீஸ், தேக்கா சந்தை அவ்வளவுதான். வெளிநாட்டில் பிழைப்பவன் அந்த நாட்டைப் பார்ப்பதே ஊரிலிருந்து ஆள் வந்தால்தான். ஆகவே நீங்களும் சித்தியும் தைப்பூசத்துக்கு அவசியம் வாருங்கள். அந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான் காவடி கிளம்பும். மழை இருக்கும், குடை கொண்டுவாருங்கள். பழகிய செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து வில்லிபுத்தூர் மாமாவோடு ஒரே விமானத்தில் மட்டும் வராதீர்கள். அவரை அடுத்த மாதம் தனியாக அழைத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள மகன்.