வர்ணனைக்கு இடையூறாக ஓர் ஆட்டம்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், கிரிக்கெட் ஒளிபரப்பும் தொலைக்காட்சி.

பொருள்: தங்கள் வர்ணனையாளர்களின் அரட்டைக்கு இடையூறாக மைதானத்தில் ஆட்டம் நடப்பது – உரிய நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்றிரவு நடந்த அநாகரிகம் தங்கள் கவனத்துக்கு வந்திருக்கும். கடைசி ஓவர். மூன்று பந்தில் எட்டு ரன். வர்ணனைப் பெட்டியில் மூன்று முன்னாள் நட்சத்திரங்கள், தங்கள் காலத்தில் சக வீரர் ஒருவர் ஓட்டல் அறையில் விட்ட குறட்டையைப் பற்றிச் சுவைபடப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதை உச்சத்தைத் தொடும் நேரத்தில், கொஞ்சமும் இங்கிதமில்லாமல், பவுலர் பந்தைப் போட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. டிவி பார்க்கக் கூடாது, வேண்டுமானால் காதால் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். உள்ளறையில் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மைதானம் அலறியது. “அடடடா, என்ன மேட்ச் சார் இது!” என்றார் ஒருவர். “வேற லெவல்!” என்றார் அடுத்தவர். மூன்றாமவர் சிரித்தார். உடனே ஏலக்காய் விளம்பரம். அதிலும் ஒரு முன்னாள் வீரர். “டேய், அவுட்டா, ஃபோரா?” என்று அம்மா குரல் கொடுத்தார். ரன் அவுட், ஓடியது நான்-ஸ்ட்ரைக்கர், த்ரோ டீப் மிட்விக்கெட்டிலிருந்து என்று வாசற்படியில் நின்று நான் ஒப்பிக்க வேண்டியதாயிற்று. “இதைச் சொல்லத்தானே அங்க மூணு பேரை உட்கார வச்சிருக்கான்?” என்றார். அவர் அந்தக் காலத்து மனுஷி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மா, வானொலியில் அப்துல் ஜப்பார் கிரிக்கெட் வர்ணனை சொல்லக் கேட்டு வளர்ந்தவர். டெஸ்ட் ஆடாத மனிதர் என்பதாலோ என்னவோ, பந்து எங்கே விழுந்தது, யார் ஓடினார், ஸ்கோர் எத்தனை என்ற அற்ப விஷயங்களிலேயே ஜப்பாருக்குக் கவனம் போகும். சொந்தக் குறட்டைக் கதை கைவசம் இல்லாத குறைதான்.

தங்களவர்களின் தகுதியே வேறு. 2010 ஐ.பி.எல்.லில் மைதானத்துக்கு மேலே எம்.ஆர்.எஃப். விளம்பர பலூன் மிதந்ததே, அன்று பெட்டியில் இருந்தவர்கள் பந்தை மறந்தாலும் பலூனை மறக்கவில்லை. சிக்ஸர் போனால் சிக்ஸர் என்று சொல்லாமல், விளம்பரதாரர் பெயரைச் சேர்த்து ‘டி.எல்.எஃப். மேக்ஸிமம்’ என்று கடமை தவறாமல் சொன்னார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவர்களைப் போய் ஸ்கோர் சொல்லச் சொல்வது பாவம்.

ஆகவே என் முதல் கோரிக்கை: வர்ணனை நடக்கும்போது பந்து வீசுவதைத் தடை செய்யுங்கள். அவசரமென்றால் விளம்பர இடைவேளையில் வீசிக்கொள்ளட்டும். செலவும் மிச்சம். 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் போன விலை 48,390 கோடி. ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 118 கோடி என்றால், ஒவ்வொரு பந்துக்கும் ஏறத்தாழ 49 லட்சம். குறட்டைக் கதையைக் கெடுப்பதற்கு இவ்வளவு பெரிய தொகையா ஐயா?

இரண்டாவது, புதுப் பையன்கள் விஷயம். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பந்துவீச்சாளர் நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். இப்படி ஒருவர் இன்று ஓடிவந்தால் “இந்தத் தம்பி நல்லாப் போடுறான்” என்பதோடு அறிமுகம் முடிந்தது. எந்த ஊர், எந்த லீக்கில் ஆடினான், இடுப்பு வலியிலிருந்து எப்படி மீண்டான், ஒன்றும் கிடையாது. படிப்பதற்கு ஒரே ஒரு தாள். அதைக்கூடப் புரட்டாமல் வந்து உட்காருவதற்கா சம்பளம்? பார்க்கிறவனுக்கு அவமானம் என்பது ஒரு பக்கம். அந்தப் பையனுக்கு இது வாழ்நாளில் ஒரு முறை வரும் சாயங்காலம் ஐயா.

மன்னிக்கவும். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தங்கள் திரையின் கிராபிக்ஸ் மிகப் பிரமாதம்.

இவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. மணிக்கட்டைப் பார்த்தே கூக்ளி என்று சொல்லக்கூடியவர்கள் அந்தப் பெட்டியில் இருக்கிறார்கள். கேப்டன் ஏன் அந்த ஓவரை அவனுக்குக் கொடுத்தான், அது தப்பா சரியா என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருப்பதற்குத்தான் விலை. இந்தியாவில் வர்ணனை செய்வதானால் டி.ஆர்.எஸ்., அணித்தேர்வு, நிர்வாகம் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையால் தான் வரவில்லை என்று 2013-இல் முன்னாள் ஆஸ்திரேலியக் கேப்டன் இயன் சாப்பல் சொன்னார். 2016-இல் ஹர்ஷா போக்ளேவும் 2020-இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கரும் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் வர்ணனையாளர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். காரணம் என்னவென்று வாரியம் ஊருக்குச் சொல்லவில்லை. இதைப் பார்த்த பிறகும் எவராவது அணித்தேர்வைப் பற்றிப் பேசுவாரா? குறட்டையைப் பற்றித்தான் பேசுவார். இருபது வருஷம் வெயிலில் நின்று சேர்த்த அறிவை மொத்தமாக வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, மேலே “வேற லெவல்” என்று லேபிள் ஒட்டி எங்களுக்கு விற்கிறீர்கள்.

திரும்பவும் மன்னிக்கவும். தாங்கள் எவ்வளவு பெரிய மனது கொண்டவர்கள் என்பது வருடா வருடம் ஏறும் சந்தாவிலேயே தெரிகிறது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். ஆட்டத்தை அடியோடு நிறுத்துவதில் வாரியத்தோடு சிக்கல் வருமென்றால் மாற்று வழி ஒன்று உண்டு. ரிமோட்டில் மொழி மாற்றும் பட்டனோடு, வர்ணனையே இல்லாத ஒலியையும் எங்களுக்குக் கொடுங்கள். மட்டையில் பந்து படும் சத்தம், கீப்பரின் கத்தல், கூட்டத்தின் இரைச்சல், இவ்வளவு போதும். மீதியை வாசற்படியிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று பேர் பேசாமல் இருப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டென்றால், தொகையைத் தெரிவிக்கவும். கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்