ரன்னுக்கு ஒரு கோடி!

1845-ல் உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு காரியங்கள் நடந்தன. நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் கிளப் என்றொரு கோஷ்டி கூடி உட்கார்ந்து பேஸ்பாலுக்கு விதிமுறைகளை எழுதியது. அதே வருஷம், மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், 'இனி தாங்காது சாமி' என்று பழனி மலைமேல் ஏறி, சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் உருவானது இப்படித்தான். ஆக, சொந்த நாட்டில் அந்த ஆட்டத்துக்கு ரூல் புக் தயாரான சமயத்தில் இவர்கள் இங்கே செங்கல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டைமிங் என்றால் இதல்லவா டைமிங்!

பின்னால் எல்லாம் வந்தது. 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் புண்ணியத்தில் ஏரி வந்தது, தூத்துக்குடியிலிருந்து படகு வந்தது, 1901-ல் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. பேஸ்பால் மட்டும் பஜாருக்குள் இறங்கவே இல்லை. ஆனால், அமெரிக்கர்களுக்கு அந்த ஆட்டத்தைவிட அதிகம் பிடித்த ஒன்று இங்கே தானாக முளைத்துவிட்டது: ஆட்டமே இல்லாத மாதங்களில், 'அவனை ஏன் வித்தாங்க, இவனை ஏன் வாங்கினாங்க' என்று அடித்துக்கொள்வது. குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நடக்கிற சண்டை என்பதால் அங்கே இதற்கு 'ஹாட் ஸ்டவ் லீக்' என்று பெயர். கொடைக்கானல் மூஞ்சிக்கல் டீக்கடையில் பெயரெல்லாம் கிடையாது. அடுப்பு மட்டும் உண்டு.

இதில் கொடைக்கானல்காரர்களுக்கென்று தனியாக ஓர் அவஸ்தை இருக்கிறது. இந்த ஊரில் 'சீசன்' என்றால் ஏப்ரல், மே. ஐ.பி.எல்.லும் அதே ஏப்ரல், மே! கீழே சமவெளியில் இருப்பவர் சோபாவில் சாய்ந்து தோனியைப் பார்க்கிற நேரத்தில், இங்கே டாக்ஸி டிரைவர் தூண் பாறைக்கும் குணா குகைக்கும் நடுவே டிராஃபிக்கில் சிக்கிக்கிடக்கிறார். குதிரைக்காரர் ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். லாட்ஜ்காரருக்கு வெந்நீர் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே பொழுது போகிறது. மேட்ச் எங்கே பார்ப்பது? வியாபாரம் படுத்து, பனி இறங்கி, கை சும்மா இருக்கிற நவம்பர், டிசம்பர்தான் இவர்களுடைய ஐ.பி.எல். ரிடென்ஷன், டிரேட், ஏலம். அதற்கப்புறம் நடக்கிற ஆட்டமெல்லாம் ஃபார்மாலிட்டி!

தவிர, டீம் மாறுவதைப் பற்றிப் பேச இந்த மலைக்காரர்களைவிட யாருக்கு உரிமை இருக்கிறது? மலைத்தொடரின் அடியில் தனிக் குன்றில் நிற்கிறவர் யார் என்று யோசியுங்கள். கைலாசம் என்ற மிகப் பெரிய ஃபிராஞ்சைஸியில் ஓனரின் சொந்தப் பிள்ளை. உலகத்தைச் சுற்றி வந்தால் பழம் என்றார்கள். மயிலேறி நியாயமாக ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்தார். அண்ணன்காரரோ கண்டிஷனை நிதானமாகப் படித்துப் பார்த்து, அப்பா அம்மாவை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கப்பைத் தட்டிக்கொண்டு போயிருந்தார். தம்பி பேச்சுவார்த்தைக்கே உட்காரவில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு நேரே பழனிக்கு வந்துவிட்டார். ஔவையார் வந்து கவுன்சலிங் கொடுத்தும் பலிக்கவில்லை. ஹோம் கிரவுண்டில் அன்றிலிருந்து இன்றுவரை ஹவுஸ்ஃபுல்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். சென்னை சூப்பர் கிங்ஸ் ஏலத்தில் உட்கார்ந்தால் சாணக்கியனே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான் என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. அதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது பிப்ரவரி 2008. முதல் ஏலம். தோனியை 15 லட்சம் டாலருக்குத் தூக்கியது சென்னை. "பாத்தியா, அன்னைக்கே கணிச்சிருக்காங்க!"

கணித்தார்கள்தான், கொஞ்சம் சுற்றி வந்து. பத்ரிநாத் பின்னாளில் சொன்ன கதைப்படி, சென்னையின் கண் முதலில் போனது சேவாக்மேல்! அந்த மனுஷன்தான் 'நான் டெல்லியில் வளர்ந்தவன், டெல்லிக்கே ஆடுகிறேன்' என்று ஒதுங்கிக்கொண்டாராம். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். சேப்பாக்கத்தில் 'தல' என்று கத்தியிருக்க வேண்டிய தொண்டைகள், முதல் பந்தையே ஸ்லிப்புக்கு மேல் வெட்டுகிற ஒரு டெல்லிக்காரரைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் தோனி எப்படிக் கிடைத்தார்? இங்கேதான் வேடிக்கை. மும்பைக்கு சச்சின், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு திராவிட், மொகாலிக்கு யுவராஜ், டெல்லிக்கு சேவாக் என்று ஐந்து ஊருக்கும் ஆளுக்கு ஓர் 'ஐகான்'. சென்னைக்கு யாரும் இல்லை. அவமானம் மாதிரி இருக்கிறதா? பொறுங்கள். டீமில் அதிக விலைக்குப் போகிறவரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. மொத்தச் சட்டைப்பையில் இருப்பதோ 50 லட்சம் டாலர். தோனிக்காக மும்பையும் மல்லுக்கட்டியது. 15 லட்சத்துக்கு அவரை எடுத்தால், சச்சினுக்கு 17.25 லட்சம். இரண்டே பேருக்கு 32.25 லட்சம் காலி! மிச்சக் காசில் மற்ற எல்லாரையும் வாங்க வேண்டும். மும்பை கையை இறக்கியது. சென்னை ஏல மேஜையில் இருந்த வி.பி. சந்திரசேகர் விவரமானவர், கணக்குத் தெரிந்தவர். என்றாலும், அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது ஊரில் பெரிய மனுஷன் யாரும் இல்லாததுதான்.

ஜெயித்த கர்வம் அடுத்த வருஷமே வேலையைக் காட்டியது. 2009-ல் பிளின்டாஃபை 15.5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். தோனியைவிட 50 ஆயிரம் டாலர் அதிகம்! ஆடியது மூன்று மேட்ச். அதற்குள் முழங்கால் 'நான் வரல' என்றுவிட்டது.

இப்போது ஜடேஜா. டீக்கடையில் இந்தப் பெயரை எடுத்தால் டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது. 2008-ல் ராஜஸ்தானுக்கு ஆடிய பையன். ஷேன் வார்னே 'ராக்ஸ்டார்' என்று உச்சிமுகர்ந்தார். ராக்ஸ்டார் என்று சொன்னால் சம்பளமும் அதற்கேற்ற மாதிரி வேண்டும் அல்லவா? ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மும்பையோடு நேரடியாகப் பேசப் போனார். 2010 சீசன் முழுக்கத் தடை! ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து, 2011-ல் கொச்சிக்குப் போய், அந்த டீமும் ஒரே வருஷத்தில் இழுத்து மூடப்பட்டு, 2012-ல் மறுபடி ஏலத்துக்கு வந்தார். ராசிக்காரர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அவருக்காக முட்டிமோதி, இரண்டு பேருமே 20 லட்சம் டாலரில் போய் நின்றார்கள். அதற்கு மேல் கையை உயர்த்த வழியில்லை. 'கூடுதலாக எவ்வளவு தருவாய், ரகசியமாகச் சீட்டில் எழுதிக் கொடு' என்றார்கள். எழுதினார்கள். சென்னை ஜெயித்தது. எவ்வளவு எழுதினார்கள் என்பதை வெளியே சொல்லவில்லை. "ஃபீல்டிங்குக்கு இம்புட்டுக் காசா?" என்று அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள், 2023 ஃபைனலில் மோஹித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் பறந்தபோது, "எங்க சாய்ஸ்" என்று மார் தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2023-ன் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். ஏலத்தில் பென் ஸ்டோக்ஸ், 16.25 கோடி! ஊரே வெடி வெடித்தது. முதல் மேட்சில் 7 ரன். அடுத்த மேட்சில் 8 ரன். வீசியது ஒரே ஓவர், அதில் 18 ரன். அவ்வளவுதான், சீசன் முடிந்தது. கூட்டிக் கழித்தால் ரன் ஒன்றுக்கு ஒரு கோடியே எட்டு லட்சம். அதே ஏலத்தில் 'யாருக்கும் வேண்டாம்' என்று கிடந்த ரஹானேவை அடிப்படை விலை 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். "டெஸ்ட் மேட்ச் ஆடவா?" என்று கேலி செய்தோம். அவர் 326 ரன் எடுத்தார், 172 ஸ்ட்ரைக் ரேட்டில்! ரன்னுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்ச் சொச்சம். கப்பும் வந்தது.

கொஞ்சம் பின்னால் போனாலும் இதே கூத்துதான். 2018-ல் தடை முடிந்து திரும்பிவந்த சென்னை, முப்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்து வாங்கியது. 'முதியோர் இல்லம்' என்று நாடே சிரித்தது. ஃபைனலில் 36 வயது வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. "நாலு கோடி போச்சு" என்று சேனலை மாற்றியவர்கள் உண்டு. திரும்பி வந்து பார்த்தால் 57 பந்தில் 117 நாட் அவுட்! அந்த வருஷம் கொடைக்கானலில் குறிஞ்சியும் பூத்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, அடுத்த பூ 2030-ல்தான் என்று கவலைப்படுகிற ரசிகர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள் என்றால் நம்புங்கள்.

2021-ல் கிருஷ்ணப்பா கௌதம் 9.25 கோடி. ஆடிய மேட்ச், பூஜ்யம். கப் வந்தது. 2022-ல் தீபக் சாஹர் 14 கோடி. காயம், ஆடிய மேட்ச் பூஜ்யம். கப் வரவில்லை. ஃபார்முலா கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது நோட்டை எடுத்தால் தயவுசெய்து பிடுங்கி வைத்துவிடுங்கள்.

அண்ணன்காரரின் கண்டிஷன் படிக்கிற டெக்னிக்கும் நம்மிடம் உண்டு. ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியரை 'அன்கேப்டு' என்று எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி, தூக்கிப் போடப்பட்டுத் திரும்பவும் வந்தது. உலகக் கோப்பை இரண்டு ஜெயித்த கேப்டன், சட்டப்படி இந்தியாவுக்கே ஆடாத பிள்ளை ஆனார்! 2025 சீசனுக்கு நாலே கோடியில் தோனியைத் தக்கவைத்தார்கள். மிச்சம் பிடித்த பணத்தில் அஷ்வினை 9.75 கோடிக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். முந்தைய வருஷம்தான் திண்டுக்கல் டிராகன்ஸுக்கு டி.என்.பி.எல். கோப்பை வாங்கிக் கொடுத்தவர். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் ஆயிற்றே, டீக்கடையில் கொண்டாட்டம் கேட்க வேண்டுமா! விநாயகருக்குப் பழம் கிடைத்தது. சென்னைக்குக் கிடைத்தது பத்தாவது இடம், அதுவும் சரித்திரத்தில் முதல் முறையாக. ஆகஸ்டில் அஷ்வின் ஐ.பி.எல்.லுக்கே கும்பிடு போட்டுவிட்டார்.

நவம்பர் 2025-ல் அந்த டிரேட் வந்தது. சஞ்சு சாம்சன் சென்னைக்கு, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. 'வேண்டாம்' என்று எந்த டீமை விட்டு ஓடி ஜடேஜா ஒரு வருஷத் தடை வாங்கினாரோ, அதே டீமுக்கு, 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கி! இதை சினிமாவில் வைத்தால் 'லாஜிக் இல்லை' என்று விமர்சனம் எழுதுவார்கள்.

"சாபம் பிடிக்கும் பாருண்ணே. பெத்த புள்ளைய விக்கிற மாதிரி வித்துட்டாங்க" என்றார் ஒரு டிரைவர் தம்பி.

சாபத்துக்கும் அமெரிக்காவில் முன்மாதிரி இருக்கிறது. பாஸ்டன் பேஸ்பால் டீமின் ஓனர் ஹாரி ஃபிரேசி, நாடகக் கொட்டகைக்காரர். 1919 கடைசியில் பேப் ரூத் என்ற பிரம்மாண்டத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். 1918-க்குப் பிறகு பாஸ்டன் மறுபடி கப்பைத் தொட்டது 2004-ல். 86 வருஷம்! கொடைக்கானலில் குறிஞ்சி ஏழு முறை பூத்து ஓய்ந்துவிட்டது. 'நோ, நோ, நானெட்' என்ற மியூசிக்கல் போடத்தான் ரூத்தை விற்றான் பாவி என்று தலைமுறை தலைமுறையாகத் திட்டினார்கள். அந்த மியூசிக்கல் பிராட்வேக்கு வந்ததோ 1925-ல். அதனால் என்ன, திட்டுவதற்குத் தேதி எதற்கு?

டிசம்பர் 16, 2025. அபுதாபியில் ஏலம். மூஞ்சிக்கல்லில் பிஸ்கட் பாட்டிலில் சாய்த்துவைத்த போனில் படம் நின்று நின்று ஓடுகிறது. சென்னைக்கு பிரசாந்த் வீர், 14.2 கோடி. கடையில் மயான அமைதி. "யாருடா இது?" கொஞ்ச நேரத்தில் கார்த்திக் சர்மா, அதே 14.2 கோடி. இரண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். போன்கள் வெளியே வந்தன, விரல்கள் தேடின. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டிரைவர் தம்பி பிரசாந்த் வீரின் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னைப் பற்றி, தொட்டிலில் போட்டு வளர்த்த தாய்மாமன்போலப் பேச ஆரம்பித்துவிட்டார். சாபத்தைப் பற்றிப் பேச்சே காணோம்.

ஓரமாக உட்கார்ந்திருந்த பூம்பாறைப் பூண்டுக்காரருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"ஏந்தம்பி, வடுகபட்டிக்கு மூட்டையக் கொண்டு போனா, பல்லப் பிச்சுப் பாக்குறான், மோந்து பாக்குறான், அப்பவும் கிலோவுக்கு அஞ்சு ரூவா கொறைக்கிறான். இவங்க ஆளையே பாக்காம பதினாலு கோடிங்கிறாங்க?"

"அதெல்லாம் ஸ்கவுட்டிங்ணே. ஒங்களுக்குப் புரியாது."

"எனக்கென்ன புரியணும்? எங்க பூண்டு ஒழுங்கா வச்சா ஒரு வருசம் கெடாது. ஒங்க பதினாறு கோடி ரெண்டு மேட்சுல கெட்டுப்போச்சுல்ல?"