கேளுங்கள், சொல்கிறோம்: ஹாம்காரர் கூட்டம்

கே: பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் மாநாடு போட்டால் யார் போவார்கள்?
- மாம்புரி வாசகர்

ப: அமெரிக்காவின் டேட்டன் ஹாம்வென்ஷனுக்கு 1952இல் அறுநூற்றுச் சொச்சம் பேர் போனார்கள். 1993இல் 33,669 பேர். அதை முறியடிக்க முப்பது வருடம் பிடித்தது: 2023இல் 33,861. கூடுதல் 192 பேர். எங்கள் புத்தளம் பஸ்ஸென்றால் இரண்டிலேயே அடைத்துவிடலாம்.

கே: வாட்ஸ்அப் காலத்திலும் அங்கே என்ன வேலை?
- பாலாவி வாசகி

ப: பழைய சாமான் சந்தை! திறந்த வெளியில் துருப்பிடித்த டிரான்ஸ்மிட்டர், வால்வு, சுருள் சுருளாக வயர். வீட்டில் இடமில்லை என்று விற்க வந்தவர், அதைவிடப் பெரியதை வாங்கிக்கொண்டு போவார். கொரோனாவால் 2020, 2021இல் மாநாடு இல்லை. ஆனாலும் 2024இல் 35,877 பேர் வந்தார்கள்.

கே: தலவில திருவிழாக் கூட்டத்துக்கு ஈடாகுமா?
- கற்பிட்டி வாசகர்

ப: ஆகஸ்டில் புனித அன்னம்மாளிடம் லட்சக்கணக்கில் வருகிறார்கள். டேட்டன் கிட்ட நிற்காது.

கே: இலங்கையில் ஹாம்காரர் கொஞ்சப் பேர்தானே, என்ன பிரயோசனம்?
- ஆலங்குடா வாசகர்

ப: தலை எண்ணினால் கஷ்டந்தான். ஆனால் ஆபத்தில் உதவ எண்ணிக்கை வேண்டாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு சிறு இந்தியக் குழு அந்தமானில் பொழுதுபோக்காக ஹாம் வானொலியில் பேசிக்கொண்டிருந்தது. சுனாமி வந்தது, தொலைபேசி செத்தது. உறவினரின் நலம் விசாரிக்க போர்ட் பிளேயருக்கு அந்த வானொலிதான் வழியானது. இலங்கையிலும் அப்போது ஹம்பாந்தோட்டைச் செய்தியைக் கொழும்புக்குக் கடத்தியதில் ஹாம்காரருக்குப் பங்குண்டு. அன்று இரண்டு இடத்திலும் முப்பதாயிரம் பேர் தேவைப்படவில்லை. செட்டும் பேட்டரியும் தெரிந்த நாலு பேர் போதுமாயிருந்தது.

கே: நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தை வைத்துக்கொண்டு ஹாம் செட் வைக்கலாமா?
- நுரைச்சோலை மாணவர்

ப: இடம் அருமை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புத் தண்ணீரோரம் நிறுத்திய செங்குத்து ஆன்டெனாவின் அலை தாழ்ந்து கிளம்பித் தூர தேசம் போகும். இடைஞ்சலும் அதே உப்புதான்: மின்கம்பத்துப் பீங்கானில் படிந்தால் சிறு பொறி பறக்கும், காதில் கரகரவென்று கேட்கும். மின் லைனை விட்டுத் தள்ளி ஆன்டெனாவை நடுங்கள். அதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையை எழுதுங்கள். கேட்க மட்டுமென்றால் எஸ்எஸ்பி (SSB) வசதியுள்ள சிற்றலை ரேடியோ போதும். பேச லைசன்ஸ் கட்டாயம்.