பீரோவைத் திறப்பது எப்படி?

நூலக அறிவியல் படிப்பின் கடைசிப் பருவம். இன்டர்ன்ஷிப்புக்குக் கூடப் படித்தவர்கள் எல்லாம் குளுகுளு அறை உள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். நல்லது. பள்ளி நூலகராகத் தேற இதைவிடத் தோதான இடம் கிடையாது. கற்றுக்கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை என்பதால் யாரும் குறுக்கேயும் வர மாட்டார்கள்.

நம்பிக்கை வராவிட்டால் சட்டத்தைப் புரட்டுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்கும் நூல்கள், கதைப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. நூலகரை மட்டும் அதில் தேடாதீர்கள், கண்தான் வலிக்கும். அவருக்குப் பதிலாகப் பொறுப்பாசிரியர் என்று ஒருவர் இருப்பார். கணக்கோ அறிவியலோ எடுப்பவர். பள்ளிக்குக் கடைசியாக மாற்றலாகி வந்தவர் என்பதே அந்தப் பொறுப்புக்கான தகுதி.

அடுத்து நூலகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கதவுக்கு மேலே எழுதியிருப்பதை நம்பிப் போக வேண்டாம். அந்த அறையில் விலையில்லாக் காலணிப் பெட்டிகளும் கால் ஒடிந்த பெஞ்சும் ஒரு கேரம் போர்டும் இருக்கும். புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையில், அவர் முதுகுக்குப் பின்னால், பச்சை நிற இரும்பு பீரோவுக்குள் இருக்கும். முதல் நாளே சாவி கேட்பது பண்பாடு இல்லை. வருகைப் பதிவைக் கணினியில் ஏற்ற உதவுங்கள். லீவில் போன டீச்சரின் ஏழாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சத்துணவு முட்டையை எண்ணித் தரச் சொன்னால் எண்ணுங்கள். இருப்புச் சரிபார்த்தலுக்கு அதுவும் பயிற்சிதான். இரண்டாவது வாரத்தில் சாவி தானாக வரும். கூடவே, "ஒண்ணும் தொலையாமப் பாத்துக்கம்மா" என்ற பாடமும் வரும்.

அந்த ஒரு வரியில்தான் இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் இருக்கிறது. எனவே இங்கே கொஞ்சம் நிற்போம். பொறுப்பாசிரியர் மாற்றலில் போகும்போது பதிவேட்டில் உள்ள எண்ணுக்கும் பீரோவில் உள்ள எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எட்டு வருடமாக ஒரு பிள்ளையும் தொடாத புத்தகத்துக்கு அவரிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை. ஒரு பிள்ளை எடுத்துப்போய்த் திருப்பித் தராத புத்தகத்துக்குக் கேட்பார்கள். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பூட்டத்தான் செய்வீர்கள். மத்திய அரசுகூட இந்த விஷயத்தில் தாராளம். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓராண்டில் வாசிக்கக் கொடுத்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைந்தால் அது இயல்பான இழப்பு என்கிறது. திருட்டோ அலட்சியமோ காரணமாக இல்லாமல் இருந்தால் போதும். அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, நம் ஊர்ப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்கவாவது சொல்லலாம். ஆயிரம் நூல்களை வாசிக்கக் கொடுத்தால்தானே ஐந்து தொலையும் என்ற கேள்வியைச் சர்க்கரை கரைந்தபிறகு கேளுங்கள்.

பூட்டிவைப்பது புதிதில்லை. சங்கிலியில் கட்டிவைத்த பழங்கால நூல்களைப் பற்றி நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே எழுதிவிட்டார். நூல்கள் பயன்படுத்தவே என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். தேர்வில் கேட்காத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த சில நாளிலேயே அவருக்குச் சலித்துப்போய், பழைய வாத்தியார் வேலையையே திருப்பிக் கேட்டிருக்கிறார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்று அனுப்பிவைத்தார்கள். உங்களுக்குச் சலித்தால் லண்டனுக்கு அனுப்ப மாட்டார்கள். வட்டார வளமையத்துக்கு அனுப்புவார்கள், புத்தகக் கட்டு வாங்கிவர.

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் அடித்தால் அதிர்ஷ்டம். அடிக்காவிட்டால் இராமபாணப் பூச்சி உங்களை முந்திக்கொண்டது என்று பொருள். இப்போது வகைப்படுத்தத் தொடங்குங்கள். டியூயி தசம முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811, அதில் கதைகளுக்கு 894.8113. நூற்றுக்கு எண்பது புத்தகம் தமிழ்க் கதையாக இருக்கும் பள்ளியில் நூற்றுக்கு எண்பதுக்கும் இதே எண்ணை ஒட்டலாம். எல்லாவற்றையும் எழுதி முடித்தபிறகு பீரோ முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், எண்ணோடு. வெளிநாட்டுக்காரர் 1876இல் தன் அலமாரிக்குப் போட்ட கணக்கு. இலக்கிய எண்களில் தமிழைக் கடைசியில் சேர்த்ததற்காகக் கோபப்பட்டுப் பயனில்லை. கலர் ஸ்டிக்கர் வாங்குங்கள். விலங்குக் கதைக்குப் பச்சை, சிரிப்புக்கு மஞ்சள், பேய்க்குக் கறுப்பு. கறுப்பு முதலில் தீரும்.

லேபிளை நூலின் முதுகில் ஒட்ட வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பதினாறு பக்கச் சிறுவர் நூலுக்கு முதுகே கிடையாது, துருப்பிடித்த இரண்டு பின்தான் இருக்கும். முன் அட்டையின் கீழ் இடது மூலையில் ஒட்டுங்கள். படத்தில் உள்ள முயலின் முகம் மறையாமல் பாருங்கள், மறைந்தால் பிள்ளைகளே பிய்த்துவிடுவார்கள். பள்ளி முத்திரையைத் தலைப்புப் பக்கத்திலும் ரகசியப் பக்கம் ஒன்றிலும் குத்துவது மரபு. ரகசியப் பக்கம் எது என்று ஆறாம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள் என்பதற்கும் தயாராக இருங்கள். டைனோசருக்கு 567.9, கிரிக்கெட்டுக்கு 796.358, பேய்க்கு 133.1 என்று நீங்கள் மனதில் உருப்போட்டபடி நிற்பீர்கள். "மிஸ், செவப்பு அட்டை, ஓரத்துல கிழிஞ்சிருக்கும், போன வருசம் பாத்தேன்" என்று வரும் கேள்வி. தலைப்பு, ஆசிரியர், பொருள் மூன்றும் தெரியாத இந்தத் தேடலுக்கு எந்த மென்பொருளிலும் பொத்தான் கிடையாது. அந்த ஆளையே பீரோவுக்கு முன்னால் விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் சிவப்பு அட்டை கிடைக்காது, வேறொரு நீல அட்டை கிடைக்கும். படிப்பில் யாரும் சொல்லித்தராத சேவை இது.

இதற்கெல்லாம் துணிச்சல் வரவில்லையா? தேன்சிட்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஆறு முதல் ஒன்பது வகுப்புகளுக்கென்று பள்ளிக் கல்வித் துறை போடும் இதழ். கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடந்தால் கயிற்றை அறுங்கள். புத்தகத்துக்கு இருப்பதுபோல் வரவு எண் அதற்குக் கிடையாது, எனவே காணாமல் போனாலும் யாருக்கும் மெமோ வராது. மதிய இடைவேளையில் வேப்பமரத்தடித் திண்ணையில் பரப்பிவிட்டுப் போங்கள். மணி அடித்தபிறகு எத்தனை மிச்சம் என்று எண்ணவும் வேண்டாம்.

கடைசி வேலை, பயிற்சி அறிக்கை. பள்ளியின் வரலாறு, கட்டட அமைப்பு, அமைவிடம் என்று முப்பது பக்கம் எளிதாக ஓடும். புகைப்படம் எடுக்கும் அன்று பீரோக் கதவைத் திறந்துவைத்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து வரிசையாக உட்காரவையுங்கள். தலைகீழாகப் பிடித்திருப்பவனை மட்டும் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். இழந்த நூல்கள் என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்ற சங்கடம் அப்போதுதான் வரும். பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் காணோம். விசாரித்தால், படம் பார்த்துவிட்டு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எடுத்துப்போனதாகவும், அவள் பாதியில் விட்டுவிட்டதாகவும், இப்போது அவள் பாட்டி படித்துக்கொண்டிருப்பதாகவும் தெரியவரும். அது இழப்பில் சேராது. வழங்கல் பதிவேட்டில் பேத்தி பெயரில் எழுதுங்கள், கெடு தேதியைப் பென்சிலில் போடுங்கள். பாட்டி அடுத்து மூன்றாம் பாகம் கேட்பார். அது பதிவேட்டில் இருக்கிறது, பீரோவில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.