கண்டம் வண்டிக்காரர்

பழைய புல்லட் வாங்குபவர் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் காணப்படுகிறார். வயது 35க்கு மேல். வீட்டில் ஒழுங்காக ஓடுகிற வண்டி ஒன்று ஏற்கெனவே நிற்கும். ஆகவே போக்குவரத்துக்காக வாங்குகிறார் என்று சொல்வதற்கில்லை. சிறுவயதில் தெருவை அதிரவைத்துக்கொண்டு போன சப்-இன்ஸ்பெக்டர், இருபுறமும் பால் கேன் தொங்கவிட்டுப் போன பால்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக் கிக்கரை உதைத்த பண்ணையார் என யாரோ ஒருவர் இவருடைய மனத்தில் ஆழமாக ஆயில் சிந்திவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கறை போகவில்லை.

இவரை ஏமாளி என்று வகைப்படுத்துவது தவறு. ஏமாளிக்கு விஷயம் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும். வண்டியைப் பார்க்கக் கிளம்பும்போதே வாங்குவதாக முடிவு செய்துவிட்டதால், தெரிந்ததை எல்லாம் அன்று ஒரு நாள் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார், அவ்வளவுதான்.

இந்த இனம் பெருகியதற்குப் புல்லட்டின் உடலமைப்பும் ஒரு காரணம். 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் புல்லட்டாகப் பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ற அந்த இன்ஜினின் அடிப்படை அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பெரிதாக மாறவில்லை. இதனால் தாத்தா வண்டியின் பாகம் பேரன் வண்டியில் உட்காரும். உட்காராவிட்டால் லேத் பட்டறை உட்காரவைக்கும். சென்னையில் எழும்பூருக்குப் பக்கத்தில் புதுப்பேட்டை என்று ஒரு பேட்டை இருக்கிறது. பிரித்துப்போட்ட வண்டிகளின் உறுப்புகளைக் குவித்து விற்கும் அந்தத் தெருக்களில், பொறுமை உள்ளவர் காலையில் ஒரு கைப்பிடி ரப்பருடன் நுழைந்து மாலையில் முழு வண்டியோடு திரும்பலாம். அப்படித் திரும்பிய வண்டிகளில் ஒன்றைத்தான் நம்மவர் இப்போது பார்க்கப் போகிறார்.

விற்பவர் வைத்திருக்கும் வரலாறுகள் இரண்டு. ஒன்று, "டாக்டர் வண்டிண்ணே. கிளினிக், வீடு, அவ்வளவுதான் ஓட்டம்." மற்றொன்று, "ஆர்மி வண்டி." 1950களில் எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட் வாங்கியது உண்மை, கண்டம் என்று கழித்துக் கட்டிய ராணுவ வண்டிகள் ஏலத்தில் வெளியே வந்ததும் உண்மை. ராணுவம் வாங்கிய புல்லட்டுகளுக்குக் கணக்கு இருக்கும். ராணுவத்தில் இருந்ததாகச் சொல்லி விற்கப்படும் புல்லட்டுகளுக்குத்தான் கணக்கு கிடையாது.

துணைக்கு ஒரு நண்பர் வருவார். கல்லூரிக் காலத்தில் மாமாவின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து போனதுதான் அவருடைய தகுதி. அவர் குந்தி உட்கார்ந்து இன்ஜினை அடியிலிருந்து பார்ப்பார். எழுந்து, "டேப்பட் சத்தம் லேசா இருக்கு, மத்தபடி பரவாயில்ல" என்பார். இன்ஜின் அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

பிறகு கிக்கர் உதைக்கும் சடங்கு. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டுவிட்டு ஓர் உதை. முறை தவறினால் கிக்கர் திரும்பி வந்து முழங்காலை விசாரிக்கும். விற்பவர் உதைத்தால் ஒரே உதையில் வண்டி பற்றிக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் இன்ஜின் முன்பே சூடாக இருக்கிறது. வெயிலில் நின்றதால் என்கிறார். வண்டி நின்றது புளியமரத்து நிழலில்.

பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் தத்தம் வண்டியில் நன்றாக இருந்திருக்கும். டேங்க் பிந்தைய காலத்துக் குரோமியம் பூசியது. அதற்குக் கீழே சட்டம் எழுபதுகளைச் சேர்ந்தது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்னால் பழைய டிரம். சீட் மைசூரில் செய்த எஸ்டி பைக்கினுடையது என்பது அதன் முதுகு வளைவிலேயே தெரிகிறது. ஹெட்லைட்டின் இரு புறமும் இருக்க வேண்டிய குட்டி விளக்குகளில் ஒன்றுதான் அசல். இன்னொன்று ஏதோ ஓர் ஆட்டோவுக்கு விழித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கப் பெட்டியில் 350 என்றும் வலப்பக்கப் பெட்டியில் 500 என்றும் எழுதியிருக்கிறது. சராசரி எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பழைய சட்டத்தில் இங்கிலாந்து அளவு மரையும் பின்னால் வந்த பாகங்களில் மெட்ரிக் மரையும் இருப்பதால் பல நட்டுகள் பாதி ஏறி நின்றுவிடுகின்றன. மெக்கானிக் மீதியைச் சுத்தியலால் ஏற்றியிருக்கிறார். இந்த வண்டியை வாங்குபவரைப் பற்றி ஊர் சொல்லும் 'மரை கழன்ற ஆள்' என்ற பட்டம் இந்த வகையில் பொறியியல் ரீதியாகவும் பொருந்தும்.

அடுத்தது எண். புல்லட்டில் சேஸ் நம்பர் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியிலும், இன்ஜின் நம்பர் சிலிண்டருக்குக் கீழே இன்ஜின் உறையிலும் பன்ச் செய்யப்பட்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவற்றோடு இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நம்மவர் பார்க்கும் வண்டியில் எல்லா இடத்திலும் துரு, எல்லா இடத்திலும் கீறல். அந்தக் கழுத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பளபளவென்று பெயிண்ட். எண்கள் வரிசையில் நிற்காமல் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நிற்கின்றன. ஒரு 8க்குள் பழைய 3 இன்னும் குடியிருக்கிறது. மொத்த வண்டியிலும் புதுசு என்று சொல்லத் தகுந்தது அந்த எண் ஒன்றுதான்.

"அந்தக் காலத்துல எல்லாம் கையாலதான் பன்ச் பண்ணுவாங்கண்ணே" என்கிறார் விற்பவர். வாங்குபவர் தலையாட்டுகிறார். விற்பவர் இந்த விளக்கத்தைச் சொல்லாவிட்டால் வாங்குபவரே சொல்லியிருப்பார்.

எண்ணை ராவிவிட்டு வேறு எண் அடித்தால் பழையது போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உலோகம் அவ்வளவு மறதி உள்ளது அல்ல. பன்ச் விழும்போது மேற்பரப்பு மட்டுமல்லாமல் அடியில் உள்ள உலோகமும் இறுகுகிறது. தடய அறிவியல் ஆய்வாளர் அந்த இடத்தை மெருகேற்றி, உலோகத்துக்குத் தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால் இறுகிய பகுதியும் இறுகாத பகுதியும் வேறு வேறு விதமாக அரிக்கப்பட, பழைய எண் பேய்போல மேலே வரும். அந்த எண்ணுக்கு எங்காவது ஒரு காவல் நிலையத்தில் ஒரு புகார் காத்திருக்கலாம். மனு எழுதிய மனிதர் வேறு வண்டி வாங்கி அதையும் விற்றிருக்கலாம். இன்ஜின் மாறியிருப்பது தன்னளவில் குற்றமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தைக் கேட்டுச் செய்து ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் போதும். பில் எங்கே என்று கேட்டால்தான் டாக்டர் திடீரென்று காலமாகிவிடுகிறார்.

பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும் படலம் சற்றுக் கடினமானது. வாங்கிய 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மவர் 29ஆம் நாள் வரை வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டியது. இந்த வண்டிக்கு அது எத்தனை முறை தவறியது என்பதை விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதாது. கைப்பேசிச் செயலியில் பதிவெண்ணை அடித்தால், பழைய பதிவேடு கணினியில் ஏறாததால் ஒன்றும் வராது. வந்தால் அது ஒரு மொபெட்டாக இருக்கும். ஊரார் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்க்கிறார். காகிதத்தைப் பார்க்கிறார். நம்மவரைப் பார்க்கிறார். "யாருகிட்ட சார் வாங்குனீங்க?"

விற்றவரின் கைப்பேசி அன்றுமுதல் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

வீட்டில் எதிர்வினை சுருக்கமானது. "ஏங்க, இது ஓடுமா?" என்பது கேள்வி. "இது 1974 மாடல்" என்பது பதில். ஷெட்டில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டு வைக்கப்படுகிறது. காலையில் அதில் சேர்ந்திருக்கும் ஆயிலின் அளவைக் கொண்டு இன்ஜினில் இன்னும் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடலாம். மெக்கானிக் மாதம் ஒரு முறை வந்து, "சார், பாயின்ட் போயிருக்கு", "சார், கண்டன்சர் போயிருக்கு" என்று போனவர்களின் பட்டியலைப் படிப்பார்.

ஓராண்டுக்குள் மெக்கானிக் ஒரு யோசனை சொல்வார்: இன்னொரு கண்டம் வண்டி வாங்கிப் போட்டால் பாகங்களுக்கு அலைய வேண்டாம். இரண்டாவது வண்டியின் சேஸ் நம்பர் சுத்தம், ஆர்.சி.தான் இல்லை. முதல் வண்டிக்கு ஆர்.சி. இருக்கிறது, சேஸ் நம்பர்தான் பென்சிலுக்கு ஆகாது. டேங்க் இங்கிருந்து அங்கே போகிறது, கியர்பாக்ஸ் அங்கிருந்து இங்கே வருகிறது, 500 எழுதிய பெட்டி இரண்டுக்கும் பொதுவாக உலாவுகிறது. ஆறு மாதம் கழித்து வாங்கிய வண்டி எது, பாகத்துக்காக வாங்கிய வண்டி எது என்று கேட்டால் மெக்கானிக் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்கிறார்.