வீட்டுக்காரர் அனுமதி இருந்தால் குற்றமில்லை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்கள் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே பொல்லாத ஆட்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கும் தேர்தலின் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். ஊர் வாரியத்துக்கு வர வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலி நிலம். சொந்த மனையில் வீடு. அதோடு விட்டார்களா? கணக்குக் காட்டாதவன், பிறர் பொருளைத் திருடியவன், கள்ளக் கையெழுத்துப் போட்டவன், கழுதை மேல் ஏறியவன், கூடாத இடத்தில் உறவு வைத்தவன் எவனுக்கும் ஓலை கிடையாது. பரிகாரம் செய்து சுத்தமாகி வந்து நின்றாலும் ஆயுசுக்கும் கிடையாது! இன்றைக்கு அந்த விதியை அமல்படுத்தினால் குடம்தான் மிஞ்சும்.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1837-இல் மெக்காலே எழுதிய சட்ட வரைவில் கள்ள உறவு குற்றமாக இல்லை. பின்னால் வந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. 1860-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 497-ஆம் பிரிவாக நுழைத்துவிட்டார்கள். அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் அவள் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. பக்கத்து வீட்டுச் சைக்கிளைச் சொல்லிவிட்டு எடுத்தால் இரவல், சொல்லாமல் எடுத்தால் திருட்டு, அதே கணக்குதான். விதவையோடும் கல்யாணமாகாதவளோடும் பழகினால் சட்டம் கண்டுகொள்ளாது. துரோகம் செய்தவனின் மனைவி புகார் கொடுக்க முடியாது. புகார் கொடுக்கக்கூடிய கணவனோ, ஊர் கூடும் கோர்ட்டில் நின்று 'என் பெண்டாட்டி...' என்று ஆரம்பிக்க வேண்டும். எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்? சட்டம் புத்தகத்திலேயே சுகமாகத் தூங்கியது.

அந்தத் தூக்கத்தைக் கெடுக்க அவ்வப்போது வழக்குப் போட்டார்கள். 1985-இல் நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், சட்டம் செல்லும் என்றார். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் செல்லாது என்றார்கள். அந்த ஐவரில் ஒருவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். அப்பா பேச்சைப் பிள்ளை மீறியதில் நாட்டுக்கு நல்லது நடந்த அபூர்வ சம்பவம் இது.

2024 ஜூலை 1-இல் அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 497 அதில் இல்லை. ஆனால் பிறன் மனைவியை மயக்கி அழைத்துப் போவதைத் தண்டிக்கும் பழைய 498 மட்டும் 84 என்று பெயர் மாற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. தானாகவே பஸ் ஏறிப் போகவும் பெண்டாட்டிக்குத் தெரியும் என்பதைச் சட்டத்திடம் யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.