நெடுந்தீவில் ஒரு மலை

நெடுந்தீவுக்கு இயற்கை செய்த அநியாயம் பெரிது. மதில் மதிலாகக் கட்டி அடுக்கப் பவளக்கல் கொடுத்தது. மருந்துக்கும் ஒரு மலை கொடுக்கவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்டுவிட்டுக் குதிரைகளை விட்டுப்போனார்கள். மலை கொண்டுவர அவர்களுக்கும் தோன்றவில்லை.

அந்தக் குறையை இப்போது படம் பிடிக்க வருகிறவர்கள் தீர்த்துவைக்கிறார்கள். குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணிநேரம் அலையில் குலுங்கி, உச்சி வெயிலில் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கண்மூடித் திறப்பதற்குள் மறையும் பொன் அந்தி. ஆனால் கடைசிப் படகு பிற்பகலிலேயே போய்விடும். சூரியனோ படகுக்காரரின் நேரத்துக்கு ஒத்துவருகிற ஆளில்லை.

அதனாலென்ன? திரும்பும் படகிலேயே கைபேசியில் நாலு தேய்ப்பு. அந்தி வந்துவிடும். குதிரையின் நிழல் மட்டும் வயிற்றுக்கடியில் சுருண்டு கிடக்கும். குதிரை சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளலாம். இன்னும் நாலு தேய்ப்பு: ஆவணி வெயிலுக்குள் மார்கழிப் பனி. அடிவானத்தில் நுவரெலியாவிடம் இரவல் வாங்கிய மலை. அடிக்கல் நாட்ட அமைச்சர்கூடத் தேவைப்படாத அபிவிருத்தி இது ஒன்றுதான்.

ஒருவர் இன்னும் தாராளம். வறண்டு வெடித்துக் கிடந்த கேணிக்குக் கரைமுட்ட நீலத் தண்ணீர் நிரப்பிவிட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“தம்பி, உந்தக் கேணி எந்தப் பக்கம்? எங்கட மாடுகளையும் சாய்ச்சுக்கொண்டு போவம்.”